கருங்காட்டூர் பள்ளியின் முத்துப்பேச்சிகள்

ஆடிக் காற்று காற்றாலைகளைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், கயத்தாற்றுக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கும் கருங்காட்டூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நான்காம் வகுப்பு முத்துப்பேச்சி வந்து சேர்ந்தாள். வந்து, பையை இறக்கி வைத்து, முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கரும்பலகையில் இருந்த வகுத்தல் கணக்கைப் பார்க்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தாள்.

இரண்டாவதாக வந்தவள் வகுப்புப் பக்கமே திரும்பாமல், ரவை உப்புமா வாசனை வந்த திசையில் நேராகச் சமையல் கொட்டகைக்குப் போய்த் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். மூன்றாவதாக வந்தவள் பையைக் கொடிக்கம்பத்தடியில் எறிந்துவிட்டு, மைதானத்தில் விழுந்து விழுந்து நகரும் காற்றாலை இறக்கையின் நிழலைத் தாண்டித் தாண்டிக் குதித்துத் தனக்குத் தானே பாடிக்கொண்டாள். நான்காவதாக வந்தவள் உள்ளே வரவே இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று, ரோட்டோரத்து ஜல்லியைப் பொறுக்கி ஒவ்வொன்றாகக் கேட்டின் மேல் எறிந்துகொண்டிருந்தாள். நாலு பேருக்கும் ஒரே முகம், ஒரே ரெட்டைச் சடை, ஒரே இடத்தில் பொத்தான் போன ஒரே சட்டை.

அந்தப் பள்ளிக்கு ஜெசிந்தா டீச்சர்தான் தலைமையாசிரியை, அவர்தான் ஆசிரியை, மணி அடிப்பதும் அவர்தான். வருகைப் பதிவேட்டைத் திறந்து "மு. முத்துப்பேச்சி" என்று கூப்பிட்டார். முன்வரிசையிலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு குரல் வந்தது. கொட்டகையிலிருந்து வாய் நிறைய உப்புமாவோடு ஒரு குரல் வந்தது. மைதானத்திலிருந்து பாட்டுக்கு நடுவே ஒரு குரல் வந்தது. கேட்டிலிருந்து ணங்கென்று ஒரு கல் வந்தது. டீச்சர் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்தில் இன்னும் மூன்று வைத்தார்.

"கோமு அக்கா, அங்க எத்தன பேச்சி?" என்று சமையல் செய்யும் கோமுவிடம் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஒண்ணுதான் டீச்சர். ஆனா ரெண்டாந்தடவ வாங்கிட்டா. வெள்ளிக்கிழம வரைக்கும் பாதித் தட்டுல எந்திரிச்சிப் போயிருவா."

"சரி, போடுங்க" என்றார் டீச்சர்.

சாயங்காலம் நாலு பேச்சிகளும் ஆளுக்கு ஒரு பையோடு வீட்டுக்குப் போனபோது, வீட்டைவிட்டுக் கிளம்பவே கிளம்பாத ஐந்தாவது பேச்சி, கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அப்பா முருகையா முறுக்குப் போடும் வேலைக்குக் குஜராத் பக்கம் போயிருந்தார். அம்மா செல்லக்கனி தீப்பெட்டி ஆபீஸ் வேனிலிருந்து இறங்கி வந்து, வாசலில் நின்ற ஐந்து பேரையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தாள்.

"அஞ்சு தலைக்கும்லா பேன் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

ஊர் நாலைந்து நாள் காரணம் தேடியது. காற்றாலைக் கரண்டு பூமிக்குள் இறங்கிய கோளாறு என்றார்கள் சிலர். "சண்டைய வாசல்ல விட்டுட்டு வா, பசிய வீட்ல விட்டுட்டு வா, ஆட்டத்தத் தூக்கி வச்சிட்டு வா"ன்னு வாத்திமார் சொல்லச் சொல்ல, ஒரு பிள்ளையாவது சொன்னபடி கேட்கத்தானே செய்யும் என்றார்கள் சிலர். பிறகு பருத்திக்கு மருந்தடிக்கும் காலம் வந்துவிட்டதால் காரணத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஊருக்கு வேறு வேலைகள் வந்தன. ரேஷன் கடைக்காரர் கார்டில் பேர் ஒன்றுதான், அரிசியும் ஒன்றுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். கோயில் கொடைத் திருவிழாவில் ஆள் கணக்கில் பொங்கல் உருண்டை கொடுத்தபோது, பேச்சிக்கு ஒன்றா ஐந்தா என்று பெரிய பேச்சு நடந்து, கடைசியில் ஐந்தும் கொடுத்தார்கள். ஐந்தையும் ஒருத்தியே தின்றாள். கூப்பிட வசதியாக ஆளுக்கு ஒரு பேரும் வைத்தார்கள். முன்வரிசையில் உட்காருபவள் கணக்குப் பேச்சி, கொட்டகையில் நிற்பவள் பசிப் பேச்சி, மைதானத்தில் குதிப்பவள் ஆட்டப் பேச்சி, கேட்டில் நிற்பவள் கோவப் பேச்சி, தம்பியைத் தூக்கி வைத்திருப்பவள் வீட்டுப் பேச்சி. ஆடி முடிந்து ஆவணி பிறந்தபோது, இது எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஜெசிந்தா டீச்சருக்கும் அப்படித்தான். சொல்லப்போனால் அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது. ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்து மேய்க்கிற அந்தப் பள்ளியில், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவும் சொன்ன கணக்கைப் போடவும் மட்டுமே ஒரு பிள்ளை அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது. அது கொட்டாவி விடவில்லை, தண்ணிக்குப் போகணும் என்று விரல் காட்டவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை, பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளவில்லை. டீச்சர் ஐந்தாம் வகுப்புக் கணக்கை முடித்து ஆறாம் வகுப்புக் கணக்குக்குப் போனார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் கணக்குப் பேச்சி "எனக்கு வேண்டாம் டீச்சர், அவ திம்பா" என்று கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். அவள் மணிக்கட்டு மெலிந்துகொண்டே வந்ததை டீச்சர் பார்த்தார். பார்த்துவிட்டு, அடுத்த கணக்கைச் சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் ஒரு நாள் மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "எங்க மாரிச்செல்வத்தையும் பிரிச்சி விட்டுருங்க டீச்சர். டிவி பாக்கவன் வீட்ல கெடக்கட்டும், படிக்கவன் உங்ககிட்ட இருக்கட்டும்."

"அது நான் செஞ்சது இல்லம்மா" என்றார் டீச்சர்.

"அப்ப எங்க போய்ச் செய்யணும்னாவது சொல்லுங்க" என்றாள் பொன்னுத்தாய்.

அந்த வருஷம்தான், பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளைப் பூட்டி, பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்க்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. கருங்காட்டூருக்குப் பெரிய பள்ளி என்றால் நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். டேங்கர் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகள் தினமும் இரண்டு தடவை கடக்க வேண்டும். பள்ளியில் இருந்ததோ ஏழு பிள்ளைகள். வட்டாரக் கல்வி அலுவலர் தனஞ்செயன் ஆள் எண்ண வந்தார். ஏழில் ஒரு பிள்ளை நாலாக நிற்பதைப் பார்த்து, கைரேகை வைக்கும் மெஷினை எடுத்து வரச் சொல்லி, நாலு பேர் விரலையும் வாங்கி வைத்தார். நாலு தடவையும் மெஷின் ஒரே பேரைச் சொன்னது. கோவப் பேச்சியின் விரலுக்கு அவரே கேட்டுக்கு வெளியே போக வேண்டியிருந்தது. விரலை வாங்குவதற்குள் அவர் சட்டைப் பை கிழிந்தது.

"ரேகை ஒண்ணுதான் டீச்சர். ஆனா விரல் நாலு இருக்கே" என்றார்.

"ஆமா சார்."

"என்னைத் தலையத்தான் எண்ணச் சொல்லியிருக்காங்க. தலைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க வேற ஆபீஸ்." பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பள்ளி பிழைத்தது. பஞ்சாயத்துத் தலைவர் எல்லாருக்கும் சேவும் பூந்தியும் வாங்கிக் கொடுத்தார். பேச்சிகளின் பங்கு நாலையும் ஒருத்திதான் தின்றாள்.

இப்படி எல்லாருக்கும் தோதாகப் போய்க்கொண்டிருந்தபோது, கயத்தாற்றிலிருந்து வேன் அனுப்பிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் இங்கிலீஷ் பள்ளியின் தாளாளர், வெள்ளைக் கார் ஒன்றில் செல்லக்கனி வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கூட்டிப் பெருக்கிய வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"கணக்குப் பாப்பாவ எங்களுக்குக் குடுங்கம்மா. பீஸ் வேண்டாம், வேன் காசு வேண்டாம், ஷூ, டை எல்லாம் நாங்களே தாரோம். அவள எங்கேயோ கொண்டு போயிரலாம்."

"மத்தது?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"மத்தது உங்க பிள்ளைங்கதானேம்மா" என்றார் அவர்.

தீப்பெட்டி ஆபீஸில் நாளெல்லாம் மருந்து வாசனையில் உட்கார்ந்திருந்த எந்தத் தாய் வேண்டாம் என்று சொல்வாள்? அடுத்த திங்கட்கிழமை கணக்குப் பேச்சி டை கட்டிக்கொண்டு மஞ்சள் வேனில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்ப்பது அவள் வேலை இல்லை. கேட்டிலிருந்து கோவப் பேச்சி எறிந்த கல் வேனின் பின்கண்ணாடியை உடைத்தது. தாளாளர் பெருந்தன்மையாக அதற்கும் காசு கேட்கவில்லை.

தனஞ்செயன் போன் செய்தார். "ஒன்பதாயிருச்சே டீச்சர். நாளைக்கழிச்சு மாவட்டத்துலேர்ந்து வாராங்க. அந்த வீட்ல இன்னொண்ணு இருக்குன்னு சொன்னாங்களே, அதக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருங்க."

ஆள் குறைந்ததால்தான் ஜெசிந்தா டீச்சர் அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போனார். வேறு எதற்காகவும் இல்லை. வீட்டுப் பேச்சி தம்பியை இடுப்பில் வைத்தபடி ஒரு கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மற்ற நாலு பேரையும் தினமும் பார்த்துக்கொண்டிருந்த டீச்சருக்கு இந்த முகம் மட்டும் புதிதாகத் தெரிந்தது. ஒரு நடுவயதுப் பொம்பளையின் முகத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"ஸ்கூலுக்கு வாரியா பேச்சி?"

"தம்பிய யாரு பாத்துக்கிடுவா டீச்சர்?"

"அவனையும் தூக்கிட்டு வா."

வீட்டுப் பேச்சி பாத்திரத்தைக் கவிழ்த்தாள். "நான் வாரேன். ஆனா அவள மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"யார? கணக்குப் பேச்சியவா? மெலிஞ்சுட்டாளே, அதுக்கா?"

"அவளுக்குத் திங்க வராது, அது வேற. கேட்ல நிக்கால்லா, அவள. அவளுக்குக் கடைவாய்ப் பல்லு வலி. சொத்தப் பல்லு. ராவெல்லாம் கன்னத்தப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா."

டீச்சர் நின்றார். "யாருமே சொல்லலியே?"

"வலி அவகிட்ட இருக்கு" என்றாள் வீட்டுப் பேச்சி. "சொல்லுற வாய் எங்க அஞ்சு பேர்ல யாருகிட்ட இருக்குன்னு தெரியல டீச்சர்."

டீச்சர் பள்ளிக்குத் திரும்பி வந்தார். கேட்டுக்கு உள்ளே போகாமல் வெளியே, ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில், கோவப் பேச்சியிடமிருந்து ஒரு கை தூரத்தில் தரையில் உட்கார்ந்தார். பேச்சி ஒரு கல்லை எடுத்தாள். டீச்சரும் ஒரு கல்லை எடுத்தார். பேச்சி கேட்டின் மேல் எறிந்தாள், டீச்சரும் எறிந்தார். கேட் ரெண்டு தடவை ணங்கென்றது. உள்ளே பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"வாயத் திற" என்றார் டீச்சர்.

"மாட்டேன்."

"வலிக்குதா?"

பேச்சி இன்னொரு கல்லை எடுத்தாள். எறியாமல் அதைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தாள். உள்ளே, கடைசிப் பல் இருந்த இடத்தில் கரிக்கட்டை மாதிரி ஒன்றும், அதைச் சுற்றிப் பழுத்த ஈறும், ஒரு நாற்றமும் இருந்தன. டீச்சர் முகத்தைத் திருப்பாமல் பார்த்தார். இத்தனை நாள் அந்தக் கல் சத்தத்தை மழைச் சத்தம் மாதிரிக் கேட்டுக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறோமே என்று நினைத்தார். நினைத்துவிட்டு எழுந்து, சேலையைத் தட்டி, செல்லக்கனிக்குப் போன் போட்டார்.

மறுநாள் செல்லக்கனி ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். "பல்லு அஞ்சு பேருக்கும் ஒண்ணுதான டீச்சர்? அஞ்சு பேரும் வந்தாத்தான் சரியாவும்" என்றாள். இங்கிலீஷ் பள்ளியில் கணக்குப் பேச்சியை அனுப்ப யோசித்தார்கள். அடுத்த வாரம் மாநிலப் போட்டி இருந்தது, வெளியே அனுப்ப விதி இல்லை என்றார்கள். செல்லக்கனி அந்தப் பளிங்குத் தரையில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு, "எம் பிள்ளைக்குப் பல்லு பிடுங்கணும். நான் வயித்துல சுமந்தது கணக்க இல்ல, பிள்ளைய" என்று சொன்னதும், ஆயா ஒருத்தி உள்ளே போய்க் கணக்குப் பேச்சியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். டைக்குள் கழுத்து கயிறு மாதிரி இருந்தது. வேன் பள்ளியில் சாப்பிடப் பசிப் பேச்சி இல்லையே.

அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தனஞ்செயன் போன் வந்தது. "டீச்சர், நாளைக்கு இன்ஸ்பெக்ஷன். பிள்ளைங்கள எங்கயும் கொண்டு போயிராதீங்க. ஒரு நாள் பொறுத்துக்கிட்டா அடுத்த வருஷம் வரைக்கும் பள்ளிக்கூடம் நம்ம கையில."

டீச்சர் போனைக் கையில் வைத்துக்கொண்டே செல்லக்கனியைப் பார்த்தார்.

"பிடுங்குனா ஒண்ணாயிருவா டீச்சர்" என்றாள் செல்லக்கனி மெதுவாக. "பெத்தவளுக்குத் தெரியாதா. உங்க பள்ளிக்கூடம் போயிரும்."

"தெரியும்."

"நாளைக்குக் கழிச்சி வேணா வருவமா?"

கோவப் பேச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டார். "இன்னைக்கே பிடுங்கிருவோம்" என்றார்.

டாக்டரம்மா சின்ன வயசு. ஐந்து வாயையும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஐந்திலும் அதே பல், அதே கறுப்பு. "யாருக்கு வலிக்குது?" என்று கேட்டார். நாலு விரல்கள் ஒருத்தியைக் காட்டின. அந்த ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு நர்ஸ்கள் பிடித்தும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நர்ஸின் கையைக் கடித்தும்விட்டாள். அப்போது வீட்டுப் பேச்சி எழுந்து, இடுப்பிலிருந்த தம்பியை ஜெசிந்தா டீச்சர் மடியில் வைத்துவிட்டு, போய்க் கோவப் பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பியை அவள் கீழே இறக்கி வைத்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள். பசிப் பேச்சி இன்னொரு பக்கம் வந்து, "பிடுங்கினா ஐஸ் குடுப்பாவளாம், கேட்டுட்டேன்" என்றாள். கணக்குப் பேச்சி, "இருபது எண்ணுததுக்குள்ள முடிஞ்சிரும், நான் எண்ணுதேன்" என்று எண்ண ஆரம்பித்தாள். ஆட்டப் பேச்சிக்கு என்ன செய்வதென்று தெரியாததால் பாடினாள். சத்தமாக, கொஞ்சம் சுருதி தப்பி, ஆஸ்பத்திரி வராண்டாவில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கும்படி பாடினாள்.

வாய் திறந்தது. டாக்டரம்மா ஊசி போட்டு, கொஞ்ச நேரம் விட்டு, பல் பிடுங்கும் இடுக்கியை உள்ளே விட்டார். எண்ணிக்கை பாதியில் நின்றது, பாட்டு பாதியில் நின்றது, "எம்மா" என்று ஒரே ஒரு அலறல் வந்தது. டாக்டரம்மா பல்லைத் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பினால், நாற்காலியில் ஒரு பிள்ளை பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. ஒற்றைக் கழுத்தில் டை இருந்தது. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

"அடுத்த ஆள வரச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர்கள் மறுநாள் ஏழு தலைகளை எண்ணினார்கள். தனஞ்செயன் வாசலில் ஜெசிந்தா டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, கோபமில்லாமல், "ஒரு நாளு டீச்சர்" என்றார். "ஒரே ஒரு நாளு." டீச்சர் தலையை ஆட்டினார். ஊர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொன்னுத்தாய் மட்டும் வந்து, "அந்த டாக்டரம்மா சேத்து வைக்கதுதானா, பிரிச்சும் விடுவாவளா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். இங்கிலீஷ் பள்ளிக்குப் பேச்சியை முழுசாக அனுப்பிப் பார்த்தார்கள். முதல் வாரமே தாளாளர் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார். கணக்கெல்லாம் சரியாகத்தான் போடுகிறாள், ஆனால் போடும்போது பாடுகிறாள், பசிக்குது என்கிறாள், அடுத்த பெஞ்சுப் பையனை அடித்துவிட்டாள் என்றார்.

சித்திரைக் கடைசியில் கருங்காட்டூர் பள்ளியைப் பூட்டினார்கள். ஜெசிந்தா டீச்சரைச் சாலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய பள்ளிக்கே மாற்றிப் போட்டார்கள். கோமுவுக்கு வேறு ஊர்ப் பள்ளி கிடைத்தது.

பள்ளி திறந்த நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டீச்சர் நாலுவழிச் சாலை ஓரத்துக்கு வந்து நின்றார். டேங்கர்கள் காற்றை அறைந்துகொண்டு போயின. மாரிச்செல்வம் டீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டான். டீச்சர் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், ஒரு அடி வைத்தார், பின்வாங்கினார். மாரிச்செல்வத்தின் தோளை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தார். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் போனை அணைத்த கை அதுதான்.

முத்துப்பேச்சி தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் வந்தாள். தூரத்தில் வந்த லாரியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, உதடு அசைய எதையோ எண்ணினாள். பிறகு ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கி, "ஏய், நில்லு! கண்ணு தெரியல? பிள்ளைங்க நிக்கோம்லா!" என்று போட்ட சத்தத்தில் லாரி பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது; அதற்குப் பின்னால் ஒரு பஸ் நின்றது, ஒரு கார் நின்றது. பிள்ளைகள் கடக்கக் கடக்க அவள் நடுரோட்டில் நின்று ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினாள். லாரி டிரைவர் ஏதோ சொன்னதற்குத் திருப்பி ஏதோ சொன்னாள். எல்லாரும் அந்தப் பக்கம் சேர்ந்ததும் தம்பியைக் குலுக்கி ஏதோ பாடிக்கொண்டு வந்தவள், "அங்க காலையில என்ன போடுவாவ டீச்சர்? உப்புமாவா? எனக்கு இப்பமே பசிக்கி. கோமு அக்கா ஏன் வரல? ஒரு நிமிசத்துக்கு இருபத்தி மூணு வண்டி போவுது, தெரியுமா? அந்த டிரைவர் என்னைய மொறச்சான் டீச்சர், நாளைக்குப் பாத்துக்கிடுதேன்" என்று மூச்சுவிடாமல் பேசினாள்.

அவள் ஐந்து பேராக இருந்தபோது டீச்சருக்குத் தலை வலித்ததில்லை. இப்போது வலித்தது. "ஒவ்வொண்ணாச் சொல்லு தாயி, நான் எங்கயும் போகல" என்று சொல்லிவிட்டு, தம்பியை அவளிடமிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, புதுப் பள்ளியின் கேட்டைத் திறந்தார்.